எலுமிச்சை மெரிங் பை மறுநாள் ஏன் தண்ணீர் விடுகிறது?

நீங்கள் கேட்டிருப்பது "கார்ன்ஃப்ளாரை இன்னும் எவ்வளவு கூட்டட்டும்?" என்று. எழுதியிருப்பதை முழுக்கப் படித்தால் உண்மையான கேள்வி வேறு. சுட்ட மாவுத் தட்டில் எலுமிச்சைக் கலவை, அதன் மேல் சர்க்கரை போட்டு அடித்த வெள்ளைக்கரு நுரையான மெரிங், இதுதான் நீங்கள் செய்த பை. சாயங்காலம் செய்து முடித்தபோது எலுமிச்சைக் கலவை கெட்டியாகத்தான் இருந்தது. ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தீர்கள். காலையில் எடுத்தால் மேலே மெரிங் தனியாக வழுக்குகிறது, நடுவில் சர்க்கரைத் தண்ணீர், கீழே கலவை கஞ்சி மாதிரி, அடியில் மாவு நொசநொசவென்று. மூன்று தடவையும் இதே கதை. அடுத்த வாரம் அப்பாவின் பிறந்தநாளுக்கும் இதையே செய்ய வேண்டும் என்கிறீர்கள். ஆக, கெட்டியாக இருந்த ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக எப்படி இளகியது, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. கார்ன்ஃப்ளாரைக் கூட்டினால் நாலாவது தடவையும் தண்ணீர் வரும், கூடவே மாவு வாசனையும் வரும்.

நான் லண்டனில் ஒரு ஹோட்டலின் பேஸ்ட்ரி பிரிவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். இப்போது மதுரையில் வீட்டிலேயே சின்ன அளவில் வகுப்பு எடுக்கிறேன். அங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்த பை, இங்கே வந்த முதல் வருஷம் எனக்கே சரியாக வரவில்லை. பழம் வேறு, முட்டை அளவு வேறு, சர்க்கரை வேறு, வெயில் வேறு. அதனால் உங்கள் மேல் தப்பு என்று நான் நினைக்கவில்லை, நீங்கள் பின்பற்றிய குறிப்பு சில விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

முதலில் கீழே இருக்கிற கலவை. நீங்கள் எழுதியிருக்கும் வரிசை இது: தண்ணீர், சர்க்கரை, கார்ன்ஃப்ளார் மூன்றையும் காய்ச்சிக் கெட்டியாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, மஞ்சள் கருவைச் சேர்த்துக் கலக்கி, உடனே ஊற்றியிருக்கிறீர்கள். சிக்கல் இங்கேதான் என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. நம் எச்சிலில் இருக்கிறதே, சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்க ஆரம்பிக்கிறதே, அந்த வகைதான். அதன் வேலை மாவுச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது. நன்றாகச் சூடாக்கினால் செயலிழந்துவிடும், அரைகுறையாகச் சூடாக்கினால் உயிரோடு இருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து உங்கள் கார்ன்ஃப்ளார் கட்டிய கட்டை அவிழ்த்துக்கொண்டே இருக்கும். ஓவனிலிருந்து எடுத்தபோது கெட்டி, மறுநாள் கஞ்சி என்பது இதன் கையெழுத்து மாதிரி. பலர் பயப்படுவது முட்டை திரிந்துவிடும் என்று. கார்ன்ஃப்ளாரும் சர்க்கரையும் இந்த அளவு இருக்கிற கலவையில் மஞ்சள் கரு அவ்வளவு சுலபமாகத் திரியாது. மஞ்சள் கருவில் முதலில் இரண்டு கரண்டி சூடான கலவையை விட்டு அடித்து, பிறகு அதைப் பாத்திரத்தில் ஊற்றி, மறுபடி அடுப்பில் வைத்து, விடாமல் கிண்டிக்கொண்டே, நடுவில் பொளக் பொளக்கென்று குமிழி வெடிக்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். வந்த பிறகும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் அப்படியே கிண்டுங்கள். ஓரத்தில் மட்டும் குமிழி வருவது போதாது, நடுவில் வர வேண்டும்.

எலுமிச்சைச் சாறு எப்போது என்பதும் முக்கியம். புளிப்பு மாவுச்சத்தை உடைக்கும், அதுவும் கொதிக்கும்போது அதிகமாக உடைக்கும். ஆரம்பத்திலேயே சாறு ஊற்றிக் காய்ச்சினால் மாவுச்சத்தின் பலம் குறைந்துவிடும். மஞ்சள் கரு கொதித்து முடிந்து, அடுப்பை அணைத்த பிறகு சாறு, துருவிய தோல், ஒரு உருண்டை வெண்ணெய் என்ற வரிசையில் சேருங்கள். வாசனையும் அப்போதுதான் நிற்கும். இன்னொன்று, ஒரு தடவை ஆறி உறைந்த பிறகு கரண்டியைப் போடாதீர்கள். உறைந்த மாவுச்சத்துக் கட்டை உடைத்தால் மறுபடி சேராது. சூடாக இருக்கும்போதே ஊற்றிவிட்டு அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் நல்லது.

23 சென்டிமீட்டர் தட்டுக்கு நான் எடுக்கும் அளவு: சர்க்கரை 200 கிராம், கார்ன்ஃப்ளார் 45 கிராம், தண்ணீர் 350 மில்லி, 4 மஞ்சள் கரு, சாறு 120 மில்லி, வெண்ணெய் 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. நீங்கள் போட்டதும் கிட்டத்தட்ட இதேதான். அதனால்தான் கார்ன்ஃப்ளார் உங்கள் பிரச்சினை இல்லை என்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நமக்கு வேண்டியது மக்காச்சோளத்திலிருந்து எடுத்த வெள்ளை வெளேரென்ற, விரலில் தேய்த்தால் கிறீச்சிடுகிற ஸ்டார்ச். தமிழில் "சோள மாவு" என்று எழுதியிருந்தால் அது வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவாகவும் இருக்கலாம், மஞ்சளாக இருந்தால் மக்காச்சோளத்தை முழுதாக அரைத்த மாவு. இரண்டும் இதற்கு ஆகாது. என் வகுப்பில் ஒரு அம்மா ஒரு மாதம் முழுக்க இதில் மாட்டிக்கொண்டு தவித்தார்.

சரி, இப்போது மேலே இருக்கிற மெரிங். கலவை சரியானாலும் மெரிங்குக்கும் கலவைக்கும் நடுவில் தண்ணீர் தேங்குவது தனி நோய், அதற்கு மருந்தும் தனி. பார்க்க எளிது: நடுவில் தண்ணீர் தேங்கினால் மெரிங்கின் அடிப்பாகம் வேகவில்லை. மேலே தேன் துளி மாதிரி பழுப்பு முத்துக்கள் கோத்து நின்றால் மேல்பாகம் அதிகமாக வெந்துவிட்டது. வேகாத நுரையிலிருந்து தண்ணீர் மெதுவாகக் கீழே வடிந்துவிடும். அதிகம் வெந்ததில் வெள்ளைக்கருவின் புரதம் இறுகி, உள்ளே இருந்த ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும், அது சர்க்கரையோடு சேர்ந்து முத்தாக நிற்கும். ஒரே பையில் இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். உங்கள் ஓடிஜியில் (மேசை மேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) மேல் கம்பியை மட்டும் போட்டு 200 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்தேன் என்கிறீர்களே, அதற்கு இப்படித்தான் வரும். சின்ன ஓடிஜியில் கம்பிக்கும் மெரிங்கின் நுனிக்கும் நாலு விரல் இடைவெளி இருந்தாலே அதிகம். நுனி கருகும், அடி பச்சையாகவே இருக்கும்.

அடியை எப்படி வேகவைப்பது? ஓவன் சூடு நுரைக்குள் இறங்கிப் போக நேரம் பிடிக்கும், நுரை என்பதே காற்று அடைத்த மெத்தைதானே. அதனால் கீழிருந்து சூடு வர வேண்டும். கலவை ஆவி பறக்கிற சூட்டில் இருக்கும்போதே மெரிங்கை மேலே போட வேண்டும். கையோடு கையாக. அதாவது கலவையைக் காய்ச்சுவதற்கு முன்பே மெரிங் ஏறக்குறைய தயாராக இருக்க வேண்டும், பல குறிப்புகள் இந்த வரிசையைத் தலைகீழாக எழுதுகின்றன. முதலில் ஓரத்தில் சுற்றிலும் போட்டு, மாவு விளிம்பை நுரை தொட்டு ஒட்டிக்கொள்ளும்படி தடவிவிட்டு, பிறகு நடுவை நிரப்புங்கள். ஓரத்தைப் பிடித்துக்கொண்டால் சுருங்காது. பிறகு 175 டிகிரியில், மேலும் கீழும் இரண்டு கம்பியும் எரிய, பைத் தட்டை ஓவனின் கீழ் அடுக்கில் வைத்து 15 முதல் 20 நிமிஷம்.

இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சூடான கலவை மேல் போட்டால் அதன் ஆவியே மெரிங்கின் அடியில் தண்ணீராகப் படியும், ஆறவிட்டுத்தான் போட வேண்டும் என்று சொல்கிற நல்ல பேக்கர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை, சர்க்கரைப்பாகு ஊற்றிச் செய்கிற இத்தாலியன் மெரிங்குக்கு அது பொருந்தும், ஏனென்றால் அந்த மெரிங் ஏற்கெனவே சூடு கண்டது. பச்சை வெள்ளைக்கருவில் சர்க்கரை போட்டு அடிக்கிற சாதாரண மெரிங்குக்கு, என் அனுபவத்தில், சூடான கலவைதான் ஒத்துவருகிறது. இரண்டு தரப்பும் சண்டை போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்கள் பேசுவது இரண்டு வேறு வேறு மெரிங்கைப் பற்றி என்பதுதான்.

உங்களுக்கு நான் சொல்வது இந்தச் சண்டையே வேண்டாம், சுவிஸ் முறைக்குப் போய்விடுங்கள் என்று. வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் ஒரு ஸ்டீல் பாத்திரத்தில் சேர்த்து, கீழே மெதுவாகக் கொதிக்கிற தண்ணீர் மேல் வைத்து (தண்ணீர் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது) கரண்டியால் ஓட்டிக்கொண்டே 72, 75 டிகிரி வரை கொண்டுபோங்கள். சர்க்கரை சேர்ந்திருப்பதால் அந்தச் சூட்டில் வெள்ளைக்கரு கட்டியாகாது. பிறகு இறக்கி, பீட்டரில் பளபளவென்று கெட்டியாகும் வரை அடிக்க வேண்டும். 71 டிகிரி தாண்டினால், பச்சை முட்டையிலிருந்து வயிற்றைக் கெடுக்கிற சால்மொனெல்லா கிருமி பயமும் இல்லை. உங்கள் வீட்டில் வயதான அப்பாவும் சின்னக் குழந்தையும் சாப்பிடப் போகிறார்கள் என்கிறீர்கள். பச்சை வெள்ளைக்கருவை அடித்து, மேலே சமையல் டார்ச்சால் (தீச்சுடரைப் பீய்ச்சுகிற சின்னக் கருவி) மட்டும் நிறம் காட்டிப் பரிமாறுகிற பழக்கம் இப்போது அதிகமாகிவிட்டது, படம் எடுக்க அழகாக இருக்கும், உள்ளே இருப்பது பச்சை முட்டைதான். அதை மட்டும் செய்யாதீர்கள். சுவிஸ் மெரிங்கென்றால் தாராளமாக டார்ச் காட்டலாம், அல்லது ஓவனில் நிறம் வரும் வரை சில நிமிஷம் வைத்தால் போதும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், பெரிய செலவில்லை. விரலில் தேய்த்துச் சர்க்கரை கரைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, சர்க்கரை 71 டிகிரிக்கு வெகு முன்பே கரைந்துவிடும்.

பழைய முறையிலேயே செய்வேன் என்றால் ஒரு வழி உண்டு. ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை 80 மில்லி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் கண்ணாடி மாதிரி பசை வரும். மெரிங் அடித்து முடிக்கிற நேரத்தில் அந்தப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்தால் தண்ணீர் விடுவது நன்றாகக் குறைகிறது, கத்தியிலும் இழுபடாமல் வெட்ட வருகிறது. இது நான் பல தடவை செய்து பார்த்தது.

வெள்ளைக்கரு அடிப்பதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எண்ணெய், மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் நுரை கெடும் என்பது உண்மை. பழைய பிளாஸ்டிக் பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்பதும் உண்மை, அதனால் ஸ்டீல். புளிப்பு சேர்த்தால் நுரை நிலைக்கும் என்பதும் உண்மை. கிரீம் ஆஃப் டார்ட்டர் என்கிற புளிப்புப் பொடி பேக்கிங் சாமான் கடையில் கிடைக்கும், இல்லாவிட்டால் ஒரு வெள்ளைக்கருவுக்கு அரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும், அதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். உப்புப் போட்டால் நுரை நன்றாக வரும் என்பது தப்பு, உப்பு நுரையைத் தளர்த்தும். பழைய முட்டைதான் வேண்டும் என்பது பாதி உண்மை: பழையது சீக்கிரம் நுரைக்கும், புதியது நேரமெடுத்தாலும் உறுதியாக நிற்கும், பீட்டர் இருக்கிற வீட்டில் இந்த வித்தியாசத்துக்குக் கவலைப்படத் தேவையில்லை. மழை நாளில் மெரிங் வராது என்கிறார்களே, அதில் விஷயம் இருக்கிறது, சர்க்கரை காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஆனால் அதன் பாதிப்பு வெந்து முடிந்த பிறகு மேல்பாகம் பிசுபிசுப்பாவதில்தான் அதிகம் தெரியும். உங்கள் சென்னைக் காற்றில் எல்லா நாளும் மழை நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சர்க்கரை பெரிய மணி. வெளிநாட்டுக் குறிப்புகள் நினைத்து எழுதியிருப்பது பொடி மணியை. கரையாமல் நிற்கிற மணிதான் பிறகு தண்ணீரை இழுத்துப் பாகாக வடியும். மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டி எடுங்கள், மாவாக வேண்டாம், ரவை மாதிரி இருந்தால் போதும். முட்டையையும் எண்ணாதீர்கள், எடை போடுங்கள். அமெரிக்கக் குறிப்பில் "பெரிய முட்டை" என்றால் ஓட்டோடு சுமார் 57 கிராம், நம் கடையில் வருவது பல சமயம் 50-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. நாலு முட்டையில் கணிசமான வித்தியாசம் வந்துவிடும். வெள்ளைக்கரு எவ்வளவோ அதில் ஒன்றரை மடங்கு சர்க்கரை, இது சுவிஸ் முறைக்கு நான் வைத்திருக்கிற கணக்கு. கீழே நாலு மஞ்சள் கரு, மேலே அதே நாலு வெள்ளைக்கரு என்று எதுவும் வீணாகாத கணக்கு எனக்குப் பிடிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஃபிலடெல்ஃபியாவில் பேஸ்ட்ரி கடையும் சமையல் வகுப்பும் நடத்திய எலிசபெத் குட்ஃபெல்லோ என்ற பெண்மணிதான் தன் எலுமிச்சைப் புட்டிங்கிலிருந்து இந்த மெரிங் பையை உருவாக்கியவர் என்று சொல்வார்கள். அது முழுக்க உறுதியான வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் மஞ்சள் கருவைக் கொட்டிச் செய்கிற புட்டிங் தினமும் போடுகிற கடையில் வெள்ளைக்கரு குவியும் என்பதைப் புரிந்துகொள்ள வரலாறு தேவையில்லை.

அடுத்து பழம். இது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் கேட்டிருக்க வேண்டியது. அந்தக் குறிப்பில் லெமன் என்று இருப்பது நம் எலுமிச்சை இல்லை. லெமன் என்பது இரண்டு பக்கமும் காம்பு மாதிரி நீண்ட, தடித்த தோல் உள்ள, பெரிய மஞ்சள் பழம். நாம் புளியங்குடிச் சந்தையிலிருந்து வாங்குகிற, உருண்டையான, மெல்லிய தோல் உள்ள எலுமிச்சை வேறு இனம். ஃபுளோரிடாக்காரர்கள் கீ லைம் என்று கொண்டாடுகிறார்களே, நம்முடையது அதன் குடும்பம்தான், அவர்கள் கீ லைம் பையை 2006-இல் தங்கள் மாநிலத்தின் அதிகாரபூர்வ பை என்றே அறிவித்துவிட்டார்கள். அதில் கார்ன்ஃப்ளார் கிடையாது, கண்டென்ஸ்டு மில்க்கும் மஞ்சள் கருவும் சாறும்தான், புளிப்பு பட்டுத் தானாகவே கெட்டியாகிவிடும். நம் பழத்துக்கு நியாயமாகப் பொருத்தமானது அந்த பைதான் என்று கூட எனக்குத் தோன்றும். அது கிடக்கட்டும். நம் எலுமிச்சைச் சாறு லெமன் சாற்றைவிடக் கொஞ்சம் காரமான புளிப்பு, அதனால் நான் 120 மில்லிக்குப் பதில் 95, 100 மில்லி சாறு எடுத்து மீதியைத் தண்ணீரால் ஈடுகட்டுவேன். ஆறேழு பழம் பிழிய வேண்டியிருக்கும். தோல் துருவுவதுதான் கஷ்டம். மெல்லிசு என்பதால் இரண்டு இழுப்பில் வெள்ளைப் பகுதி வந்துவிடும், கசக்கும். பச்சைப் பழத்தின் தோல் இன்னும் கசப்பு. நன்றாகப் பழுத்த மஞ்சள் பழமாகப் பொறுக்கி, பிழிவதற்கு முன்பே, மேலாக ஒரே ஒரு இழுப்பு மட்டும் துருவுங்கள்.

அடிமாவு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மைதா 190 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம், ஒரு கரண்டி சர்க்கரை, மூன்று நாலு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். வெண்ணெயைத் துண்டு போட்டு ஃபிரீசரில் கால் மணி நேரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள், சென்னைச் சமையலறையில் பிசைந்து முடிப்பதற்குள் உருகிவிடும், ஃபேன் காற்று வேறு சூடாக வரும். தட்டில் பரத்தி, ஃபிரிட்ஜில் அரை மணி வைத்து, பட்டர் பேப்பர் விரித்து, மேலே பழைய கொண்டைக்கடலையோ மொச்சையோ நிரப்பி 190 டிகிரியில் 20 நிமிஷம், கடலையை எடுத்துவிட்டு அடிப்பக்கம் பொன்னிறமாகும் வரை இன்னும் 10, 15 நிமிஷம். நீங்கள் கடலையோடு எடுத்ததோடு நிறுத்திவிட்டீர்கள், அதுதான் நொசநொசப்பு. கலவை ஊற்றிய பிறகு அடி வேகும் என்று நம்பாதீர்கள், வேகாது. எடுத்த சூட்டில் கொஞ்சம் வெள்ளைக்கருவை பிரஷ்ஷால் தடவி, ஓவனில் இரண்டு நிமிஷம் காட்டினால் மேலே ஒரு மெல்லிய பூச்சு பிடிக்கும், ஈரம் இறங்குவது தாமதமாகும். கண்ணாடித் தட்டில் செய்தால் தூக்கி அடி நிறத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஓவனை நான் பார்க்கவில்லை, அதனால் நான் சொல்கிற நிமிஷக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன ஓடிஜியில் முள் 180 காட்டும்போது உள்ளே 160-ஓ 210-ஓ இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், என்னுடையதே அப்படித்தான். நிறத்தையும் தெர்மாமீட்டரையும் நம்புங்கள். முட்டை இல்லாமல், கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரில் மெரிங் செய்யலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நுரை அழகாக வரும், ஆனால் வெள்ளைக்கரு மாதிரி சூட்டில் உறையாது, சூடான கலவை மேல் போட்டு நான் செய்த இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டது. அதில் கைப்பழக்கம் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பிறந்தநாள். முந்தின நாள் ராத்திரியே முழு பையையும் செய்து வைப்பது வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்தால் மெரிங் கொஞ்சம் ஈரம் விடத்தான் செய்யும், லண்டனில் நாங்கள் காலையில் போட்டதை மறுநாளுக்கு வைத்ததே இல்லை. முந்தின நாள் அடிமாவைச் சுட்டு, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். சாற்றைப் பிழிந்து, சர்க்கரையை அரைத்து, முட்டையைப் பிரித்து வைத்துவிடுங்கள். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு வெள்ளைக்கருவைச் சூடேற்றி மெரிங் அடித்து, அது ஓரமாக இருக்கும்போதே கலவையைக் காய்ச்சி, ஊற்றி, மேலே போட்டு, நிறம் காட்டி எடுத்தால் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். நம் வெயிலில் முட்டைப் பண்டத்தை நாள் முழுக்க வெளியே வைக்க முடியாது, அதனால் ஒரு மணி நேரம் மேசையில் ஆறவிட்டு, மூடாமல் ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம். மூடினால் வேர்த்துவிடும். பூண்டுச் சட்னி, மீன் குழம்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு, ஆறரைக்கு வெட்டலாம். கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, துடைக்காமல், ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி முக்கி வெட்டுங்கள், மெரிங் கத்தியோடு வராது. முதல் துண்டு எப்படியும் உடையும், அதை அப்பாவுக்கு வைக்காதீர்கள்.